யுத்த காலப் பட்டப்பெயர்கள்: யாருக்கு எதிரான ஆயுதம்?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இந்த வகுப்புக்கு எனக்குத் தரப்பட்டுள்ள பொருள் யுத்த காலப் பிரச்சாரம். அது மிக விரிந்த பொருள். அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யுத்தம் மூண்டதும் எதிரிக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டப்படுகிறதே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பத்திரிகை, மேடை, பள்ளிக்கூடம், தேநீர்க் கடை என்று எல்லா இடங்களிலும் அந்தப் பெயர் புழங்கத் தொடங்கிவிடும். அதை யார் உருவாக்கினார்கள், யாருக்காக உருவாக்கினார்கள், கடைசியில் அது யார் தலையில் விழுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு நாம் விடை காண வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு முதல் உலக யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஏகாதிபத்தியங்கள் சந்தைக்காகவும் காலனிகளுக்காகவும் மோதிக்கொண்ட யுத்தம் அது. அதன் பிரச்சாரம் முழுவதும் இன்று ஆவணமாக நம் கண்முன் இருக்கிறது. இரு தரப்பின் பொய்களும் வெளிவந்துவிட்டன. அமைதியாக ஆராய்ந்து பார்க்க முடிகிறது.

பெருமையாக இருந்த சொல் இழிசொல்லானது

1914-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஜெர்மானியர்களுக்குச் சூட்டிய பெயர் 'ஹூணர்'. ஐந்தாம் நூற்றாண்டில் அட்டிலாவின் தலைமையில் ஐரோப்பாவைக் கலங்கடித்த கூட்டத்தின் பெயர் அது. இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் தாமே கொடுத்த பெயர் அது. 1900 ஜூலை 27 அன்று பிரேமர்ஹாவன் துறைமுகத்தில், சீனத்தின் பாக்ஸர் எழுச்சியை நசுக்கக் கப்பலேறிய சிப்பாய்களிடம் அவர் பேசினார். எவரையும் கைதியாகப் பிடிக்க வேண்டாம், எவருக்கும் உயிர்ப்பிச்சை அளிக்க வேண்டாம், அட்டிலாவின் ஹூணர்களைப் போலப் பெயரெடுங்கள் என்று அவர்களை அனுப்பிவைத்தார்.

அப்போது அந்தப் படையெடுப்பில் ஜெர்மனி தனியாகச் செல்லவில்லை. எட்டு வல்லரசுகள் சேர்ந்து சீனத்தின்மீது பாய்ந்தன. பிரிட்டனும் அவற்றுள் ஒன்று. இந்தியச் சிப்பாய்களையும் அது அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. கொல்லப்பட்டவர்கள் சீன விவசாயிகளாக இருந்தவரை, கூட்டாளி ஹூணனாக இருப்பது பிரிட்டனுக்கு உறுத்தவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே ஜெர்மனி போட்டியாளனாக எதிரே நின்றபோதுதான், அந்தச் சொல் ஒரு முழு தேசத்தின்மீது ஒட்டப்பட்டது. பட்டப்பெயரை ஆராயும்போது இதை மறக்கக்கூடாது. பெயர் குற்றத்தைப் பின்தொடர்ந்து வருவதில்லை. யுத்தத் தேவையைப் பின்தொடர்ந்தே வருகிறது.

பாதி உண்மையின் பலம்

பட்டப்பெயர் முழுப் பொய்யால் ஆனதாக இருந்தால் நம் வேலை எளிது. மறுத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதன் பலம் அதற்குள் இருக்கும் உண்மையில்தான் இருக்கிறது.

1914 ஆகஸ்டில் ஜெர்மன் ராணுவம் பெல்ஜியத்தில் கொடுமைகள் புரிந்தது உண்மை. தினான் என்ற சிறு நகரில் ஆகஸ்ட் 23 அன்று பெண்களும் குழந்தைகளும் உட்பட 600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் லூவென் நகரப் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த மகாகவி பாரதி பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார். பிரிட்டிஷ் அரசால் வேட்டையாடப்பட்ட ஒரு கவிஞர், பிரிட்டன் தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திய நாட்டுக்காக மனம் நெகிழ்ந்தார். அடிபட்டவன் பக்கம் நிற்பதற்கு அவருக்கு எந்த அரசின் அனுமதியும் தேவைப்படவில்லை.

பிரிட்டிஷ் அரசு செய்தது வேறு. 1915 மே மாதம் பிரைஸ் பிரபு தலைமையிலான குழுவின் அறிக்கை வெளியானது. சத்தியப் பிரமாணம் இல்லாத சாட்சியங்கள், குறுக்கு விசாரணை செய்யப்படாத கதைகள், செவிவழிச் செய்திகள் எல்லாம் மெய்யான கொலைகளோடு கலந்து அதில் அச்சேறின. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு அது உலகெங்கும் அனுப்பப்பட்டது. 1917 ஏப்ரலில் இன்னொரு கதை வந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் சிப்பாய்களின் பிணங்களையே ஆலையில் கொதிக்கவைத்துக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. இறந்த விலங்குகளின் உடலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை மனிதப் பிணமாகப் பெயர்த்ததில் பிறந்த கதை அது. 1925-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அது பொய்ச் செய்தி என்று நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதன் விளைவு பிரிட்டனோடு நிற்கவில்லை. 1942-இல் நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்கிறார்கள் என்ற செய்தி வெளியுலகுக்கு வந்தபோது, அதை நம்பத் தயங்கியவர்கள் பலர். போன யுத்தத்தில் கேட்ட பிணத் தொழிற்சாலைக் கதை அவர்களுக்கு நினைவிருந்தது. பொய்யான பட்டப்பெயரின் கடனை, அடுத்த தலைமுறையில் மெய்யாகவே கொல்லப்பட்டவர்கள் தீர்த்தார்கள்.

ஆகவே தோழர்களே, குற்றத்தைச் சொல்வதும் பட்டப்பெயர் சூட்டுவதும் ஒன்றல்ல. தினானில் இன்ன நாளில், இன்ன படைப்பிரிவு, இத்தனை பேரைக் கொன்றது என்று சொன்னால் அது குற்றச்சாட்டு. அதை விசாரிக்கலாம், நிரூபிக்கலாம், தண்டனை கோரலாம். 'அவர்கள் ஹூணர்கள்' என்று சொன்னால் விசாரிக்க ஒன்றுமில்லை. உத்தரவிட்ட தளபதியும், ரூர் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் தொழிலாளியும், பெர்லினில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் அவன் மனைவியும் ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டுவிடுகிறார்கள். குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறான்.

மறுபக்கத்திலும் இதே வேலைதான் நடந்தது. 1914 அக்டோபரில் ஜெர்மனியின் 93 அறிஞர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாக்ஸ் பிளாங்க், ரோன்ட்கன் போன்ற விஞ்ஞானிகளும் அதில் கையெழுத்திட்டார்கள். பெல்ஜியத்தில் கொடுமையே நடக்கவில்லை என்று மறுத்ததோடு, வெள்ளை இனத்துக்கு எதிராக மங்கோலியரையும் நீக்ரோக்களையும் ஏவிவிடுகிறார்கள் என்று எதிரிகளைச் சாடியது அந்த அறிக்கை. அந்த வாரங்களில்தான் இந்தியச் சிப்பாய்கள் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபிலிருந்தும் கார்வாலிலிருந்தும் கூலிக்குக் கொண்டுபோகப்பட்ட விவசாயி மகனுக்கு, இந்தச் சண்டையில் கிடைத்த பெயர் காட்டுமிராண்டி. அவனை அனுப்பிய சாம்ராஜ்யத்துக்கும் அவனைப் பற்றி உயர்ந்த எண்ணம் எதுவும் இல்லை.

நம் சொற்களையே களவாடினார்கள்

இதுவரை சொன்னது ஆளும் வர்க்கங்கள் செய்தது. இனிச் சொல்வது நமக்கு இன்னும் நெருக்கமானது.

1914-இல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கட்சி. நாடாளுமன்றத்தில் 110 இடங்கள் அதற்கு இருந்தன. யுத்தத்தை எதிர்ப்போம் என்று அகிலத்தின் மாநாடுகளில் பலமுறை உறுதியளித்த கட்சி அது. ஆனால் ஆகஸ்ட் 4 அன்று அதன் உறுப்பினர்கள் ஒருமனதாக யுத்தக் கடனுக்கு வாக்களித்தார்கள். என்ன சொல்லி வாக்களித்தார்கள்? ரஷ்ய ஜார் ஆட்சியின் காட்டுமிராண்டித்தனத்திலிருந்து நாட்டைக் காக்க வேண்டும் என்று சொன்னார்கள். எல்லைக்கு அப்பால் பிரான்ஸின் சோஷலிஸ்டுகளும் தங்கள் அரசை ஆதரித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் பிரஷ்ய ராணுவவெறி.

ஜார் ஆட்சி கொடுங்கோன்மை என்பது பொய்யா? இல்லை. பிரஷ்ய ராணுவவெறி கற்பனையா? அதுவும் இல்லை. இரண்டும் நம் இயக்கமே பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த உண்மைகள். அந்த உண்மைகளைத் தான் ஒடுக்கப்பட்ட மக்களோடு சேர்ந்து சொல்லும்போது அது விடுதலைக் குரல். தன் நாட்டு அரசின் பீரங்கிக்குப் பின்னால் நின்று சொல்லும்போது அது யுத்தப் பிரச்சாரம். சொல் ஒன்றுதான். யார் கையில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பது மாறிவிட்டது. ஜாரை வீழ்த்தியது ஜெர்மன் ராணுவமல்ல, ரஷ்யத் தொழிலாளர்களும் சிப்பாய்களும்தான். கெய்சரை விரட்டியதும் 1918 நவம்பரில் எழுந்த ஜெர்மன் மாலுமிகளும் தொழிலாளர்களும்தான்.

அந்த வாக்குக்குப் பின்னால் இன்னொரு காரணமும் இருந்தது. ஜெர்மன் ஆளும் வட்டாரம் சமூக ஜனநாயகவாதிகளைத் 'தாய்நாடற்ற கும்பல்' என்று நெடுங்காலமாக ஏசிவந்தது. அந்த ஏச்சைக் கேட்டுக் கேட்டு, அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் தலைவர்களிடம் வளர்ந்திருந்தது. யுத்தம் அதற்கு வாய்ப்பளித்தது. ஒரு பட்டப்பெயரிலிருந்து தப்புவதற்காக அவர்கள் கொடுத்த விலை, லட்சக்கணக்கான தொழிலாளர்களின் உயிர்.

அந்த விலையைக் கொடுக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1914 டிசம்பர் 2 அன்று மீண்டும் யுத்தக் கடன் வாக்கெடுப்புக்கு வந்தபோது கார்ல் லீப்னெக்ட் தன்னந்தனியாக எதிர்த்து வாக்களித்தார். பிரதான எதிரி சொந்த நாட்டில்தான் இருக்கிறான் என்று 1915 மே மாதம் துண்டறிக்கை எழுதினார். 1916 மே தினத்தன்று பெர்லின் போட்ஸ்டாம் சதுக்கத்தில் யுத்தத்துக்கு எதிராக முழங்கியதற்காகச் சிறைக்குப் போனார். துரோகி என்ற பெயரை அவர் ஏற்றுச் சுமந்தார். அந்தப் பெயர் எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெயர் வீட்டுக்குள் திரும்புகிறது

எதிரிக்காகச் செய்யப்பட்ட பட்டப்பெயர் எல்லை தாண்டிப் போய் எதிரியைக் காயப்படுத்துவதில்லை. ஜெர்மன் தளபதியை 'ஹூணன்' என்ற சொல் என்ன செய்துவிட முடியும்? அது பாய்வது, உள்ளூரில் கைக்கு எட்டுகிறவர்கள்மீதுதான்.

1915 மே 7 அன்று லூசிடேனியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 1,198 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் லிவர்பூலிலும் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் ஜெர்மானியப் பெயருள்ள ரொட்டிக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் சூறையாடப்பட்டன. அந்தக் கடைக்காரர்களில் பலர் பல ஆண்டுகளாக அதே தெருவில் வாழ்ந்தவர்கள். ஜெர்மானிய வம்சாவளியினரான பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கோ வேறு வழி இருந்தது. 1917 ஜூலையில் குடும்பப் பெயரை விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார்கள். அரசன் பெயரை மாற்றிக்கொண்டு தப்பினான். ரொட்டிக் கடைக்காரன் கடையை இழந்தான்.

அமெரிக்காவில் 1918 ஏப்ரல் 5 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் காலின்ஸ்வில் நகரில், ஜெர்மனியில் பிறந்த ராபர்ட் பிரேகர் என்ற சுரங்கத் தொழிலாளியைக் கும்பல் ஒன்று மரத்தில் தூக்கிலிட்டது. விசாரிக்கப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். அதே ஆண்டு ஜூன் 16 அன்று கான்டன் நகரில் யுத்தத்துக்கு எதிராகப் பேசியதற்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலிருந்தபடியே 1920 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார்.

பிரான்ஸில் யுத்தத்தைத் தடுக்கக் கடைசி நிமிடம் வரை போராடிய ழான் ழோரேஸை ஜெர்மனியின் ஆள் என்று தேசவெறிப் பத்திரிகைகள் ஓயாமல் தூற்றின. 1914 ஜூலை 31 அன்று பாரிஸ் உணவகம் ஒன்றில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளியை 1919-இல் நீதிமன்றம் விடுவித்தது. ரஷ்யாவில் 1917 ஜூலையில் லெனின்மீது 'ஜெர்மன் ஒற்றர்' என்ற பெயர் வீசப்பட்டது. போல்ஷ்விக்குகள் வேட்டையாடப்பட்டார்கள், லெனின் தலைமறைவாக நேர்ந்தது.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. நாட்டு விடுதலைக்காக உழைத்த கதர் வீரர்களை 'ஜெர்மன் சதிகாரர்கள்' என்று பிரிட்டிஷ் அரசு அழைத்தது. 1915 நவம்பரில் லாகூரில் தூக்கிலிடப்பட்ட கர்த்தார் சிங் சராபாவுக்கு வயது 19. 1915-இன் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் யுத்தத்துக்காக என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. 1917-இல் சுயாட்சி கேட்ட அன்னி பெசன்டை ஊட்டியில் காவலில் வைக்கவும் யுத்தகால அதிகாரமே பயன்பட்டது.

நம் மக்கள் மட்டும் அந்த 'ஹூணன்' என்ற பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு ஓடினார்கள். அச்சம் இருந்தது. ஆயினும் தமிழில் தங்கிய சொல் வசைச்சொல் அல்ல. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் கிராமங்களில் சொல்கிறார்கள். துணிச்சலும் தந்திரமும் உள்ளவன் என்று பொருள். ஜெர்மனியிடம் நம் மக்களுக்குக் காதல் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆள்பவன் கொடுத்த பெயரை அப்படியே விழுங்க அடிமைப்பட்ட மக்கள் மறுத்தார்கள் என்பதே அர்த்தம்.

தியோலி முகாமின் இரண்டு தலைமுறைகள்

அந்நிய ஆட்சியில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1962 அக்டோபரில் இந்திய-சீன எல்லை யுத்தம் மூண்டது. உடனே 'சீன ஏஜெண்டுகள்' என்ற பெயர் கிளம்பியது. பேச்சுவார்த்தை மூலம் தீர்வு காண வேண்டும் என்று சொன்ன நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சிறையில் அடைக்கப்பட்டார்கள். இதை நம் இயக்கத்தின் மூத்த தலைமுறை நன்கறியும்.

ஆனால் நாம் குறைவாகப் பேசுவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. அஸ்ஸாமிலும் வடவங்கத்திலும் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானில் உள்ள தியோலி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோகப்பட்டார்கள். பிரிட்டிஷ் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளும் அவர்களுள் இருந்தார்கள். அஸ்ஸாமிய மொழி பேசி, அஸ்ஸாமியப் பெண்களை மணந்து, மாக்கும் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். குழந்தைகளும் முதியவர்களும் முகாமில் அடைக்கப்பட்டார்கள். எல்லை யுத்தம் ஒரு மாதத்தில் முடிந்தது. சிலர் வெளியே வர நான்கு ஆண்டுகளுக்கும் மேலானது. திரும்பிவந்தபோது பலருக்கு வீடும் கடையும் இல்லை. ஒற்றர்கள் என்று நீதிமன்றத்தில் நிறுத்தி நிரூபிக்கப்பட்டதா என்றால், அப்படியொரு விசாரணையே அவர்களுக்கு நடத்தப்படவில்லை. முகம்தான் சாட்சியம்.

அதே தியோலியில்தான் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் அடைத்துவைத்தது. எஸ்.ஏ. டாங்கேயும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் அங்கே இருந்தார்கள். 1941-இல் கைதிகள் அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். ஆட்சி மாறியது. முகாமும் முள்வேலியும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தன.

இன்றைய காலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2023 அக்டோபர் 9 அன்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலண்ட், காஸாவுக்கு மின்சாரம், உணவு, எரிபொருள் எதுவும் இராது என்று முற்றுகையை அறிவித்தார். அதே பேச்சில், தாங்கள் மனித மிருகங்களோடு போரிடுவதாகச் சொன்னார். சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று பிறப்பித்த இடைக்கால உத்தரவில் இந்தப் பேச்சை எடுத்துக்காட்டியது. உணவை நிறுத்தும் உத்தரவும் மிருகம் என்ற பெயரும் ஒரே மூச்சில் வருவது தற்செயல் அல்ல. மனிதர்கள் என்று சொல்லிக்கொண்டே குழந்தைகளைப் பட்டினி போட முடியாது. முதலில் பெயரை மாற்றியாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, யுத்தவெறி கிளம்பும் நாளில் நாம் சொல்வதைக் கேட்க ஆளிருக்காது. அதனால்தான் அமைதிக் காலத்திலேயே சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, குற்றம் எந்தத் தரப்பில் நடந்தாலும் அதைக் குற்றமாகச் சொல்லுங்கள். அப்பாவிகளைக் கொன்ற பயங்கரவாதியைக் கண்டிக்க நமக்குத் தயக்கம் கூடாது. ஆனால் செய்தவன் யார், உத்தரவிட்டவன் யார், இடம் எது, நாள் எது என்று சொல்லுங்கள். மதத்தின், மொழியின், நாட்டின் பெயரைக் குற்றவாளியின் பெயராகப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, அரசையும் மக்களையும் எப்போதும் பிரித்துப் பேசுங்கள். எதிரி நாட்டிலும் கூலி உயர்வுக்குப் போராடுகிறவன் இருக்கிறான். யுத்தத்தை எதிர்த்துச் சிறையில் இருக்கிறவன் இருக்கிறான். நம் பத்திரிகையில் அவர்களைப் பற்றிய செய்தி வர வேண்டும். நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதமாட்டார்கள்.

மூன்றாவது, பட்டப்பெயர் யார்மீது முதலில் ஒட்டப்படும் என்பதை அறிந்திருங்கள். வெளிமாநிலத்தில் படிக்கும் காஷ்மீர் மாணவர், வங்காளம் பேசுவதால் அந்நியராகச் சந்தேகிக்கப்படும் கட்டடத் தொழிலாளி, வடகிழக்கிலிருந்து வந்து உணவகத்தில் வேலை செய்யும் பெண். இவர்கள் உங்கள் பகுதியில் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கிளைத் தோழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கும்பல் கூடிய பிறகு முகவரி தேடுவதால் பயனில்லை.

நான்காவது, நம் நாவையும் கவனிக்க வேண்டும். 'ஏஜெண்ட்', 'ஒற்றன்', 'துரோகி' போன்ற சொற்கள் நம்மீது வீசப்பட்டவை. அவற்றை விவாதத்தில் சுலபமாகக் கையாளுகிறவன், நாளை அரசு அதே சொல்லை எடுத்து வரும்போது எதிர்த்து நிற்கும் தகுதியை இழக்கிறான். கருத்து வேறுபாட்டைக் கருத்தாகவே சந்திப்போம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெயர்கள் நம்மீதும் வரும். தேசவிரோதி என்பார்கள். அப்போது அதைத் துடைத்துக்கொள்ளும் அவசரத்தில், அவர்கள் மெச்சும்படி நாமும் நான்கு வசைச்சொற்களை உரக்கச் சொல்லலாமா என்ற சபலம் எழும். 1914 ஆகஸ்ட் 4 அன்று பெர்லினில் 110 இடங்களைக் கொண்ட மாபெரும் கட்சி அந்தச் சபலத்துக்குத்தான் இரையானது. நான்கு மாதம் கழித்து ஒரே ஒரு மனிதர் எழுந்து நின்று மறுத்தார். இன்று உலகத் தொழிலாளி வர்க்கம் நினைவில் வைத்திருப்பது யாருடைய பெயரை என்பது உங்களுக்குத் தெரியும்.